ஒரு முகூர்த்தத்துக்குள்

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரையேறியது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் வேரோடு சாய்ந்து கிடந்த முந்திரி மரங்களை அறுத்து அப்புறப்படுத்தப் பல மாதம் பிடித்தது. அந்த வேலைக்குப் போன ஒருவரை, டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் காலை, அவருடைய மனைவியும் மச்சானும் பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு என் லேபுக்கு வந்தார்கள். ஆறு நாள் காய்ச்சல். கண்கள் சிவந்திருந்தன. கேட்ட கேள்விக்கு அரை நிமிடம் கழித்துத்தான் பதில் வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் ரத்த அணுக்கள், மலேரியா, டைஃபாய்டு, யூரியா, கிரியாட்டினின் என்று வரிசையாக இருந்தது.

அன்று கரன்ட் இல்லை. புயலுக்குப் பின் மின்சாரம் ஒருநாள் இருக்கும், இரண்டு நாள் இருக்காது. வந்தாலும் வோல்டேஜ் நிற்காது. செமி ஆட்டோ அனலைசரின் விளக்கு நிலைப்படாமல் கிரியாட்டினின் போட்டால் வருகிற எண்ணை நம்ப முடியாது. ஜெனரேட்டரில் மிச்சமிருந்த டீசலை ரீஏஜென்ட் வைத்திருந்த ஃப்ரிட்ஜுக்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

கரன்ட் வேண்டாத சாமான் இரண்டு என்னிடம் இருந்தன. கையால் சுற்றும் சென்ட்ரிஃபியூஜ் ஒன்று. வெளிச்சத்தைக் கண்ணாடியில் வாங்கி மேலே அனுப்பும் பழைய மைக்ராஸ்கோப் ஒன்று.

“ஒன்னுக்கு எப்பக்கா போனாரு?” என்று அவர் மனைவியைக் கேட்டேன்.

“நேத்து சாயங்காலம் கொஞ்சூண்டு போனாருங்க தம்பி. தண்ணியே குடிக்கல, அதான் வரலன்னு இருந்துட்டோம்.”

சீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை எழுதப்படவில்லை. ஆனாலும் டப்பாவைக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து முப்பது மில்லி அளவுக்கு வந்தது, கடுந்தேநீர் நிறத்தில். பத்து மில்லியை டியூபில் ஊற்றி ஐந்து நிமிடம் கையால் சுற்றினேன். மேலே நின்ற நீரைச் சாய்த்துவிட்டு, அடியில் தங்கிய அரை மில்லியைத் தட்டிக் கலக்கி, ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு கவர்ஸ்லிப் போட்டேன். மேசையை வாசலுக்கு இழுத்துப்போட்டு வெளிச்சத்தைப் பிடித்தேன். பார்க்குமிடமெல்லாம் உருளை உருளையாக, சேற்றுப் பழுப்பு நிறத்தில், உள்ளே ரவை ரவையாக நிறைந்து கிடந்தன. பக்கத்திலேயே தனித்தனியாக உதிர்ந்த செல்கள், ஒவ்வொன்றிலும் பெரிய உட்கரு.

ஸ்லைடை அப்படியே விட்டுவிட்டு எதிரே இருந்த டாக்டரிடம் ஓடினேன். அவர் எழுந்து என்னோடு வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். “கிட்னி அடி வாங்கிருச்சுப்பா” என்றார். பிறகு நோயாளியின் சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பு முழுக்கத் தேடினார். வலது அக்குளில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. ஸ்க்ரப் டைஃபஸ். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது. புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் குஞ்சு கடித்து, ஓரியன்சியா என்னும் கிருமி உள்ளே போய், ரத்தக் குழாய்களின் உட்சுவரையே தாக்குகிற நோய். விழுந்த மரங்களுக்கும் புதருக்கும் நடுவே அந்த மனிதர் இரண்டு வாரம் நின்றிருந்தார்.

டாக்சிசைக்ளின் முதல் வேளையை அங்கேயே கொடுத்து, 108 வரவழைத்து, தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினார் டாக்டர். கடிதத்தில் சிறுநீரில் கண்டதை எழுதினார். அன்று மாலை அங்கே எடுத்த ரத்தத்தில் கிரியாட்டினின் 1.4. பார்க்கிறவர்கள் ‘கொஞ்சம் கூட’ என்று நகர்ந்துவிடக்கூடிய எண். மூன்றாம் நாள் அது 6-ஐத் தாண்டியது. மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த ஆண்டு அதே நிலத்தில் முந்திரிக் கன்று நட்டார்.

அந்த உருளைகளை எங்கள் தொழிலில் காஸ்ட் என்போம். சிறுநீரகத்தில் நுண்குழாய்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. குழாயின் உட்சுவர் செல்கள் செத்து உதிரும்போது, அங்கே சுரக்கும் ஒரு புரதத்தோடு கலந்து, குழாயின் வடிவத்திலேயே அச்சு வார்த்ததுபோல் இறுகி, சிறுநீரோடு வெளியே வருகின்றன. சேதம் நடந்த இடத்திலிருந்தே வருகிற பொருள் அது. கிரியாட்டினின் அப்படியில்லை. அது தசையில் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றாமல் விட்டு, உடம்பு முழுவதும் தேங்கி, அதன் பிறகுதான் ரத்தத்தில் ஏறும். அதற்கு ஒரு நாள், இரண்டு நாள் ஆகிவிடுகிறது.

எங்கள் அப்பாயி காலத்துக்கு முன்பே நம் சித்த வைத்தியர்கள் நோயாளியின் சிறுநீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து நிறம், மணம், நுரை, எடை எல்லாம் பார்த்திருக்கிறார்கள். நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு அது பரவுவதையும் கவனிப்பார்கள். பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வட்டமிட்டால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம். தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறை அது. அந்த எண்ணெய்ச் சொட்டை நான் என் வேலையில் பயன்படுத்துவதில்லை. ஆனால் அந்த முறையில் ஒரு கட்டளை இருக்கிறது: பிடித்த சிறுநீரை ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். லேப் டெக்னீஷியன் படிப்பான டி.எம்.எல்.டி. படித்தபோது ஆசிரியர் எங்களுக்குச் சொன்னதும் அதேதான். சிறுநீர் நின்றால் காரத்தன்மை ஏறும், காஸ்ட் கரைந்துபோகும், செல்கள் சிதையும். காலையில் பிடித்த டப்பாவை மாலையில் பார்த்துவிட்டு ‘காஸ்ட் இல்லை’ என்று எழுதுவது பொய் எழுதுவதற்குச் சமம். அப்படி எழுதப்பட்ட ரிப்போர்ட்டுகள் நம் ஊர்களில் எத்தனை ஆயிரம் இருக்கும் என்று நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

இந்த வேதனைக்குக் காரணம் உண்டு. 2009இல் நான் இன்னொருவருடைய லேபில் சம்பளத்துக்கு இருந்தேன். என் சின்னம்மாவுக்குக் காலில் கருவேல முள் குத்தி, நாலு நாளில் முழங்கால் வரை வீங்கிச் சிவந்து, குளிர்க்காய்ச்சல் வந்தது. வலிக்கு இரண்டு முறை ஊசி போட்டிருந்தார்கள். நான்தான் ரத்தம் எடுத்தேன். கிரியாட்டினின் 1.1 வந்தது. அச்சடித்த தாளில் 0.6 முதல் 1.2 வரை இயல்பு என்று இருந்தது. “கிட்னிக்கு ஒண்ணுமில்ல சின்னம்மா” என்றேன்.

“ரெண்டு நாளா ஒன்னுக்கு சரியாவே போகலடா” என்றார்.

“தண்ணி நெறையாக் குடிங்க” என்று சொல்லி அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்துபோனார். ‘ரத்தத்துல கிருமி கலந்து கிட்னி போயிருச்சு’ என்று ஊரில் சொன்னார்கள். காரியம் முடிந்த பிறகு ஒருநாள் லேபின் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினேன். இரண்டு ஆண்டுக்கு முன் கண் ஆபரேஷனுக்காகச் சின்னம்மாவுக்கு நானே கிரியாட்டினின் போட்டிருக்கிறேன். என் கையெழுத்திலேயே இருந்தது: 0.5.

நாற்பது கிலோகூட இல்லாத உடம்பு அவருடையது. தசை குறைவு, அதனால் கிரியாட்டினினும் குறைவு. அவருக்கு 1.1 என்பது இரண்டு மடங்குக்கு மேல். சிறுநீரக மருத்துவர்களின் உலக அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ. 2012இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, வழக்கமான அளவிலிருந்து ஒன்றரை மடங்கு ஏறினாலே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. இரண்டு மடங்கு என்றால் இரண்டாம் கட்டம். தாளில் அச்சடித்திருந்த இயல்பு அளவை நான் பார்த்தேன், எதிரில் இருந்த ஆளைப் பார்க்கவில்லை. சிறுநீர் போகவில்லை என்று அவர் வாய்விட்டுச் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று ஒரு டப்பா சிறுநீரை வாங்கிச் சுற்றிப் பார்த்திருந்தால் இரண்டு மூன்று நாள் கையில் இருந்திருக்கும். பிழைத்திருப்பார் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நாட்கள் கையில் இருந்திருக்கும், அவ்வளவு சொல்லலாம்.

அதன் பிறகு ஊரில் இருக்கப் பிடிக்காமல் திருச்சிக்குப் போனேன். ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வோடு ஒட்டிய லேபில் ஆறு வருடம் வேலை. அங்கேதான் என்கேல் என்ற பெயரை முதலில் கேட்டேன். சிறுநீரக டாக்டர் ஒருவர், கிருமித் தொற்றால் உடம்பு முழுவதும் கெடுகிற நிலையான செப்சிஸில் இருந்த நோயாளிகளின் சிறுநீரில் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார். சிறுநீரகக் குழாய் செல்கள் அடிபட்ட சில மணி நேரத்திலேயே இந்தப் புரதத்தைக் கொட்டத் தொடங்குகின்றன. அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிரசாத் தேவராஜன் குழுவினர் 2005இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையை அந்த டாக்டர் எனக்குப் படித்துக் காட்டினார். இதய ஆபரேஷன் செய்த 71 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அதில் 20 பேருக்குச் சிறுநீரகம் அடிபட்டது. கிரியாட்டினின் அதைச் சொல்ல ஒன்று முதல் மூன்று நாள் ஆனது. சிறுநீரில் என்கேல் இரண்டே மணி நேரத்தில் பல மடங்கு ஏறிவிட்டது.

படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குழந்தைகளின் இதய ஆபரேஷனில் அடிபட்ட நேரம் மணிக் கணக்கோடு தெரியும். செப்சிஸில் அது தெரியாது. நோயாளி வரும்போதே கிருமி உள்ளே எத்தனை நாளாக வேலை செய்திருக்கிறது என்று யார் சொல்வது? சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைவாகப் போவதால்தான் செப்சிஸில் அது கெடுகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் செம்மறி ஆடுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், ரத்த ஓட்டம் குறையாமலே, சொல்லப்போனால் கூடியிருக்கும்போதே, சிறுநீரகம் வேலையை நிறுத்துவதைக் கண்டார்கள். நுண் நாளங்களில் ஓட்டம் சீர்குலைவதும், கிருமியின் நச்சும் அழற்சிப் பொருட்களும் வடிகட்டப்பட்டுக் குழாய் செல்களை நேரடியாகத் தொடுவதும் காரணம் என்று இப்போது சொல்கிறார்கள். அதனால் பிரஷர் நன்றாக இருக்கிற நோயாளிக்கும் சிறுநீரகம் போகலாம்.

கிரியாட்டினின் இங்கே இன்னும் மோசமாகக் காலை வாரும். செப்சிஸ் வந்த உடம்பில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைகிறது. சிறுநீரகத்தை எடுத்துவிட்ட எலிகளுக்குச் செப்சிஸ் உண்டாக்கிப் பார்த்தபோதும் அது எதிர்பார்த்த அளவு ஏறவில்லை என்று 2009இல் எழுதினார்கள். போதாததற்கு நாம் லிட்டர் லிட்டராகச் சலைன் ஏற்றி ரத்தத்தை நீர்க்க வைக்கிறோம். மஞ்சள் காமாலை சேர்ந்திருந்தால் எங்கள் சின்ன லேபுகளில் இன்னொரு சிக்கல். மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர் 1886இல் கண்டுபிடித்த பிக்ரிக் அமில முறையில்தான் இன்றும் பெரும்பாலும் கிரியாட்டினின் போடுகிறோம். அந்த மஞ்சள் கரைசல் செம்மஞ்சளாக மாறுவதை இயந்திரம் அளக்கிறது. பிலிருபின் கூடுதலாக இருந்தால் எண் குறைத்துக் காட்டும். எலிக்காய்ச்சலில் காமாலையும் சிறுநீரகக் கேடும் ஒன்றாக வரும் என்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

புயல் கூண்டு ஏற்றுவதையும், விழுந்த மரங்களை எண்ணுவதையும் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிரியாட்டினின் மரம் எண்ணுகிற கணக்கு. சிறுநீரில் வரும் என்கேல் போன்ற புரதங்கள் கூண்டு.

என்கேல் ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். கிம்-1 என்று ஒன்று உண்டு. நல்ல சிறுநீரகத்தில் அது இருப்பதே தெரியாது, குழாய் செல் காயப்பட்டால் சிறுநீரில் உதிர்ந்து வரும். ஜப்பானில் எல்-எஃப்.ஏ.பி.பி. என்ற சோதனைக்கு 2011லேயே அரசு மருத்துவக் காப்பீட்டில் இடம் கொடுத்துவிட்டார்கள். என்னை மிகவும் கவர்ந்தவை டிம்ப்-2, ஐ.ஜி.எஃப்.பி.பி.7 என்ற இரண்டும். ஆபத்து வருவதை உணர்ந்த செல், தான் பெருகுகிற வேலையை நிறுத்திக்கொண்டு ஒடுங்கும் சமயத்தில் இவற்றை வெளியிடுகிறது. செல் இன்னும் சாகவில்லை, காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கிறது என்பதுதான் இதில் விசேஷம். முந்நூறுக்கும் மேற்பட்ட புரதங்களைச் சலித்து இவ்விரண்டையும் எடுத்து, 728 தீவிர சிகிச்சை நோயாளிகளில் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். இரண்டையும் பெருக்கி வருகிற எண் 0.3-ஐத் தாண்டினால் அடுத்த 12 மணி நேரத்துக்குள் கடுமையான பாதிப்பு வரக்கூடும். நெஃப்ரோசெக் என்ற பெயரில் 2014இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது.

இனி என் அனுபவத்தில் கண்டது. திருச்சியில் முதல் மாதமே ஒரு பெரியம்மாவின் சிறுநீரில் என்கேல் ஆகாயத்துக்கு ஏறியிருந்தது. ஐ.சி.யு.வே பரபரத்தது. மூன்று நாள் கழித்தும் கிரியாட்டினின் அசையவில்லை. நான் அந்த மாதிரியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். புலம் முழுக்கச் சீழ் செல்கள். அவருக்கு வந்திருந்தது சிறுநீர்ப் பாதையில் தொற்று. என்கேல் முதன்முதலில் கண்டறியப்பட்டதே வெள்ளை அணுவில்தான். கிருமிகள் இரும்புச் சத்தைத் திருடாதபடி ஒளித்துவைத்து, அவற்றைப் பட்டினி போடுகிற புரதம் அது. ஆகவே கிருமி இருக்குமிடத்தில் அது ஏறத்தான் செய்யும். செப்சிஸ் நோயாளியிடம் இதுதான் பெரிய பொறி. அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: என்கேல் ரிப்போர்ட்டோடு, கேட்டாலும் கேட்காவிட்டாலும், சீழ் செல் எத்தனை, காஸ்ட் உண்டா என்று ஒரு வரி எழுதி அனுப்புவேன். டாக்டர் அதைத்தான் முதலில் படிப்பார்.

இன்னொருவர் குடல் ஓட்டையாகி ஆபரேஷன் ஆன இளைஞர். கிரியாட்டினின் 0.9. என்கேல் காலையில் 90, ராத்திரி 600. சீழ் செல் இல்லை, பழுப்புக் காஸ்ட் அங்கங்கே. டாக்டர் சிறுநீரகத்துக்குக் கெடுதலான அமிக்காசினை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினார், வலி ஊசியை நிறுத்தினார், கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்க இருந்த சி.டி.யைத் தள்ளிவைத்தார், பிரஷரையும் சிறுநீரையும் மணிக்கு மணி எழுதச் சொன்னார். கிரியாட்டினின் 1.8 வரை ஏறி இறங்கிவிட்டது. அவர் என்கேலால் பிழைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் இதய ஆபரேஷன் நோயாளிகளிடம் நெஃப்ரோசெக்கைப் பார்த்து, இதே மாதிரியான கவனிப்பைக் கொடுத்த ஆய்வு 2017இல் வந்தது. சிறுநீரகப் பாதிப்பு 71.7 விழுக்காட்டிலிருந்து 55.1 விழுக்காடாகக் குறைந்தது. செப்சிஸில் அதுபோல் உறுதியான நிரூபணம் இன்னும் சேரவில்லை. சிறுநீரில் கண்டுபிடிப்பதால் மட்டும் எதுவும் குணமாகாது. நிறுத்த வேண்டிய மருந்தை நிறுத்துவதற்கும், அனுப்ப வேண்டியவரை அனுப்புவதற்கும் நேரம் கிடைக்கிறது.

2017இல் ஊருக்குத் திரும்பிச் சொந்தமாக லேப் வைத்தேன். என்கேல் போடலாமா என்று விசாரித்தேன். நடக்கவில்லை. கிட்டைப் பிரித்தால் காலாவதிக்குள் தீர்க்க வேண்டும். அளவீட்டுக்கும் கன்ட்ரோலுக்கும் போகிற சோதனைகள் தனி. அதற்கான இயந்திரம் தனி. மாதத்துக்கு நாலைந்து பேருக்குத் தேவைப்படுகிற ஊரில் அந்தச் செலவை நோயாளி தலையில் கட்ட எனக்கு மனமில்லை. ஆனால் என்கேலுக்கான சிறுநீர் பயணம் செய்யும். கந்தர்வக்கோட்டை தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது, இரண்டு பக்கமும் மருத்துவக் கல்லூரி. சளி மாதிரியும் டெங்கு ரத்தமும் தாலுகாக்களிலிருந்து மாவட்டத்துக்குப் போகிறதல்லவா? புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரியில் ஓர் இயந்திரம் இருந்தால், சுற்று வட்டாரத்தின் செப்சிஸ் நோயாளிகள் அனைவருக்கும் அன்று மாலைக்குள் பதில் கிடைக்கும். மருந்துகளை மொத்தமாக வாங்கி மாநிலம் முழுக்கக் கொடுக்கிற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் முப்பது வருடமாக இருக்கிறது. இதை அவர்களால் செய்ய முடியும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. 2012இல் ஓர் ஆய்வு வந்தது. செப்சிஸால் சிறுநீரகம் அடிபட்டவர்களின் சிறுநீரையும், மற்ற காரணத்தால் அடிபட்டவர்களின் சிறுநீரையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் காஸ்டுக்கும் உதிர்ந்த செல்லுக்கும் மதிப்பெண் போட்டார்கள். நோயின் கட்டம் ஒன்றாக இருந்தும், செப்சிஸ்காரர்களுக்கு மதிப்பெண் கூடுதலாக வந்தது. மதிப்பெண் கூடியவர்களுக்குப் பின்னால் நிலைமை மோசமாவதும் அதிகமாக இருந்தது. என் வாசல் வெளிச்சத்தில் நான் பார்த்த அதே காஸ்ட், அதே செல். கந்தர்வக்கோட்டையில் இன்று காலை இதைச் செய்யலாம்.

அளவு பார்ப்பதும் அப்படித்தான். கே.டி.ஐ.ஜி.ஓ. வழிகாட்டி கிரியாட்டினினுக்குச் சமமாகச் சிறுநீரின் அளவையும் வைத்திருக்கிறது: ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லிக்குக் குறைந்து ஆறு மணி நேரம் போனால் அதுவே பாதிப்பு. ஐம்பது கிலோ ஆளுக்கு ஆறு மணி நேரத்தில் 150 மில்லி. ஒரு டம்ளர்தான். யூரின் டியூப் போட்டிருந்தால் பையில் கோடு இருக்கிறது. மணிக்கு மணி எழுத ஆள் வேண்டும், அவ்வளவே. எல்லாருக்கும் அளவு குறையாது, நன்றாகப் போய்க்கொண்டே கெடுகிற சிறுநீரகமும் உண்டு என்பதால்தான் மைக்ராஸ்கோப்பும் கூட வேண்டும் என்கிறேன்.

லேசிக்ஸ் ஊசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊசி போட்டதும் சிறுநீர் வந்தால் ‘கிட்னி வேலை செய்யுது’ என்று வீட்டார் கண்கலங்கிக் கும்பிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த ஊசி சிறுநீரகத்தைக் குணப்படுத்துவதில்லை. ஆனால் அதையே ஒரு சோதனையாக்கலாம் என்று லக்மீர் சாவ்லா குழுவினர் 2013இல் காட்டினார்கள். உடலில் நீர்ச்சத்து சரியாக இருக்கிற நோயாளிக்குக் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 200 மில்லி வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் பாதிப்பு கடைசிக் கட்டத்தை நோக்கிப் போகக்கூடும், டயாலிசிஸ் உள்ள இடத்துக்கு இப்போதே அனுப்ப வேண்டும். டாக்டர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய சோதனை இது. தாலுகா ஆஸ்பத்திரியில் இதற்கு வேண்டியது எல்லாமே இருக்கிறது.

உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்தும் இப்போது தெளிவாகிவிட்டது. வேலூர் சி.எம்.சி. முன்னின்று நாட்டின் பல மருத்துவமனைகளில் ஏறக்குறைய 800 கடுமையான நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2023இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும் என்று நரம்பு வழியாகக் கொடுத்தவர்களில் 47, 48 விழுக்காட்டினர் சிக்கலில் விழுந்தார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 33 விழுக்காடு. மருந்து இருக்கிறது, நாம் நேரத்தைத்தான் தொலைக்கிறோம்.

என் லேபில் இப்போது மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல் யாருக்கு வந்தாலும், சீட்டில் எழுதியிருக்கிறதோ இல்லையோ, சிறுநீர் வாங்கிச் சுற்றிப் பார்க்கிறேன். அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. பழைய கிரியாட்டினின் எண் ரிஜிஸ்டரில் இருந்தால் புது எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலில் இருக்கிற தம்பிகள், தங்கைகள் இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு மாதிரிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. காய்ச்சல்காரரை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டி வரும்போது, சுத்தமான டப்பாவில் அப்போது பிடித்த சிறுநீரையும் கொண்டு வாருங்கள். மூடியின் மேல் மணியை எழுதுங்கள். நேற்றிலிருந்து எத்தனை முறை போனார், எவ்வளவு போனார் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பழைய லேப் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள்.